முற்றத்துத் தொலைநோக்கியும் கோள்களின் படமும்

மாணவர்களே, இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், கோள்களைப் புகைப்படம் எடுக்க மனிதன் முயன்ற வரலாறு. அதனை நூலிலிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை. நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள் செவ்வாய்க் கோள் பூமிக்கு மிக அண்மையில் வந்தது. அண்மை என்றாலும் தொலைவு 5 கோடியே 57 லட்சம் கிலோமீட்டர். ஏறத்தாழ 60,000 ஆண்டுகளாக அது அவ்வளவு அருகில் வந்ததில்லை என்று கணக்கிட்டிருந்தார்கள். அப்போது நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். எங்கள் இலஞ்சியில் ஆகஸ்டு மாதம் என்பது சாரல் காலம். திரிகூட மலையின் மேல் மேகம் இறங்குவதும் விலகுவதுமாக இருக்கும். அந்த வாரத்தில் ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், வானம் சற்றுத் தெளிந்தது. பள்ளியின் 3 அங்குலத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு என் வீட்டு முற்றத்தில் நின்றேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன், தன் மாமாவின் படச்சுருள் கேமராவை வாங்கி வந்திருந்தான். தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையோடு கேமரா பொருந்தி நிற்கும்படி மரத்துண்டுகளால் ஒரு தாங்கியும் செய்திருந்தான். பத்து விநாடி கழித்துத் தானே இயங்கும் விசையை முடுக்கிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு விலகி நின்றான். ஒரு வாரம் கழித்துத் தென்காசியில் கழுவிப் பெற்ற படங்களை எடுத்து வந்தான். எல்லாவற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. ஓரமெல்லாம் பிய்த்த பஞ்சு போல. அவன் முகம் வாடியிருந்தது. "கை நடுங்கிவிட்டது, தம்பி," என்றேன். "நான் தொடவே இல்லை, ஐயா," என்றான் அவன். நான் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். நம்பாதவர்கள் ஆட்டும் தலையாட்டம் அது. அவன் வேறொன்றும் சொல்லவில்லை. படங்களை உறையில் இட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் கை நடுங்கவில்லை என்பதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதே படத்தை அவனுக்கு முன்பே ஐரோப்பாவின் பெரிய வானாய்வகங்களில் பேரறிஞர்கள் எடுத்துத் தோற்றிருக்கிறார்கள்.

கோள் என்பது எவ்வளவு சிறிய இலக்கு என்பதை முதலில் பாருங்கள். ஒரு பாகையை அறுபது கலையாகவும், ஒரு கலையை அறுபது விகலையாகவும் பகுப்பது நம் பழங்கணித வழக்கம். முழுநிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. அதாவது 1,800 விகலை. வியாழன் மிகப் பெரிதாகத் தோன்றும்போதும் 50 விகலைதான். 2003இல் செவ்வாய் 25 விகலை. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டைப் பொத்தானை 80 மீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது போன்றது அது. மூன்று மீட்டர் குவியத் தொலைவுள்ள நல்ல தொலைநோக்கியின் குவியத்தில் கூட அந்தச் செவ்வாயின் உருவம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே விழும். அதைத்தான் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

பெருக்கினால் கோள் மட்டுமா பெருகும்? நமக்கும் கோளுக்கும் இடையிலுள்ள காற்றின் அசைவும் சேர்ந்து பெருகும். சிற்றாற்றில் தெளிந்த நீரோட்டத்தின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல் அசைவதில்லை, நீர் ஓடுகிறது, கல்லின் உருவம் நெளிகிறது. காற்றிலும் சூடான அடுக்கும் குளிர்ந்த அடுக்கும் கலந்து ஓடுகின்றன. ஒவ்வோர் அடுக்கும் ஒளியைச் சற்றே வளைக்கிறது. ஆகவே கோளின் உருவம் ஒரு விநாடிக்குள் பலமுறை உப்பும், சுருங்கும், கிழியும். இடையிடையே கண்ணிமைப் பொழுது அசைவற்று நிற்கும். பழகிய கண் அந்த நொடியைப் பிடித்து மனத்தில் வைத்துக்கொள்ளும். புகைப்படத் தகட்டுக்கோ தெரிந்தெடுக்கும் ஆற்றல் இல்லை. பல விநாடிகள் திறந்து வைத்தால், நல்ல நொடியும் கெட்ட நொடியும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் படிந்துவிடும். கண்ணுக்கும் தகட்டுக்கும் நடந்த இந்த வழக்கு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அவ்வழக்கின் முக்கியமான விசாரணை ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது.

1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடந்தது. சூரியன் நமக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அறிய அன்று உலகம் நம்பியிருந்த வழி அதுவே. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், கணக்கின் மூலம் தொலைவை அடையலாம். ஆனால் அதற்கு முந்திய நூற்றாண்டில், 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் இம்முறை ஏமாற்றம் அளித்திருந்தது. வெள்ளியின் கரிய வட்டம் சூரிய விளிம்பைவிட்டு உள்ளே நகரும் தறுவாயில், சொட்டாத நீர்த்துளி போல ஒரு கருங்கழுத்து நீண்டு ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்தடுத்து நின்று பார்த்தவர்களே வெவ்வேறு நேரத்தைக் குறித்தார்கள். கண் சாட்சி சொல்வதில் குழப்பம். எனவே 1874இல் தகட்டைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் எழுந்த வானாய்வகம் இருந்தது. 1792இல் அங்கே நிறுவிய கருங்கல் தூண் இன்றும் அவ்விடத்து வானிலை அலுவலக வளாகத்தில் உள்ளது. அதன்மேல் தமிழ் எழுத்தும் உண்டு. சென்னைக்குப் போகும் மாணவர்கள் கடற்கரையைப் பார்ப்பதோடு இதையும் பார்த்து வரலாம். அந்த வானாய்வகத்தில் முதல் உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. இளம் வயதிலேயே சிறு பணியில் சேர்ந்து, தம் உழைப்பால் உயர்ந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். வெள்ளிக் கடப்பு வரப்போகிறது என்றதும், அதனை நம் மக்களுக்கு விளக்க உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும் என்பதும் அவர் கொள்கை. திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டதும் அதனால்தான். அறிவு மேல்மாடியில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று எண்ணிய அவரை ஆசிரியர் குலத்தில் சேர்த்துக்கொள்ள எனக்கு ஆசை.

அவர் அரசு வானாய்வகத்துக்காரர். அதே நாளில் விசாகப்பட்டினத்தில் நரசிங்கராவ் என்னும் செல்வர், மாமனார் ஜக்கராவ் நிறுவிச் சென்ற தனி வானாய்வகத்தில், 6 அங்குலத் தொலைநோக்கி கொண்டு வெள்ளிக் கடப்பைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அக்குறிப்பு இலண்டன் வானியற் கழகத்தின் இதழில் வெளிவந்தது. வீட்டு முற்றத்து வானியல் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி, தகட்டைக் கையாண்டவர்கள். ரூர்க்கியில் டென்னன்ட் என்னும் படை அதிகாரி கடப்பைப் புகைப்படம் எடுத்தார். எல்லாரினும் புதுமை செய்தவர் ஜூல்ஸ் ஜான்சென் என்னும் பிரெஞ்சுக்காரர். இவருக்கு நம் நாடு புதிதன்று. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் கண்டவர். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கிரகணம் இல்லாத வேளையிலும் பார்க்கும் வழியை அங்கேதான், மறுநாளே, செய்து காட்டினார். மீண்டும் 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்துக்காக நீலகிரி மலையில் சோளூரில் வந்து தங்கினார். அந்த மனிதர்தாம் 1874இல் வெள்ளிக் கடப்பைக் காண ஜப்பானின் நாகசாகிக்குச் சென்றார்.

ஜான்சென் எண்ணிய எண்ணம் எளிது. வெள்ளி விளிம்பைத் தொடும் நொடி எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரே படம் எடுத்தால் அந்நொடி தப்பிவிடும். ஆகவே விடாமல் அடுத்தடுத்துப் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னர் உட்கார்ந்து, வேண்டிய நொடியைப் பொறுக்கிக்கொள்ளலாம். கைத்துப்பாக்கியின் சுழல் உருளையைக் கண்டு, அதே போல் சுழலும் வட்டத் தகடு ஒன்றைக் கடிகார விசையால் இயக்கினார். 72 விநாடியில் 48 படங்கள் அதன் விளிம்பைச் சுற்றி விழுந்தன. திரைப்படக் கருவியின் முன்னோர் என்று இதனைக் கூறுவது வழக்கம். என் பேச்சுக்கு அது வேறொன்றின் முன்னோர், பின்னால் வருகிறேன்.

முடிவு என்ன? தகடுகளைக் கொண்டுபோய் அளந்தபோது பலருக்கும் ஏமாற்றமே மிஞ்சியது. சூரிய விளிம்பும் வெள்ளியின் விளிம்பும் தகட்டில் கூர்மையாக விழவில்லை. தகடு பொய் சொல்லாது. ஆனால் அதற்கு முன்னால் நின்ற காற்று அமைதியாக இருக்கவில்லை. அடுத்த கடப்பு 1882இல் வந்தபோது பல நாட்டார் புகைப்படத்தைக் கைவிட்டனர், அமெரிக்கர் விடவில்லை. சூரியனின் சராசரித் தொலைவு ஏறத்தாழ 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர் என்பது பின்னர் வேறு வழிகளால் உறுதிப்பட்டது.

கண் வென்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கண்ணும் ஒரு பெரும் பிழை செய்தது. 1877இல் மிலான் நகரத்து ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகள் கண்டதாக வரைந்தார். அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவெல் 1894இல் ஃபிளாக்ஸ்டாஃபில் வானாய்வகமே கட்டி, அவை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று எழுதினார். நம்பாதவர்களை நம்பவைக்க அவருக்கும் தகட்டின் துணை வேண்டியிருந்தது. அவருடைய உதவியாளர் லாம்ப்லாண்டு 1905இல் செவ்வாயைப் படம் எடுத்தார். கால்வாய் தெரிகிறது என்றார் லோவெல். படமோ சிறு விரல் நகத்தளவுகூட இல்லை. அச்சில் ஏற்றினால் நுண்மையெல்லாம் மறைந்துவிடும். நம்பியவர் கண்டார், நம்பாதவர் காணவில்லை.

1907இல் செவ்வாய் மறுபடியும் அருகே வந்தது. ஆனால் அவ்வாண்டு அது வானத்தில் மிகவும் தெற்கே இருந்தது. வடநாட்டு வானாய்வகங்களில் அது அடிவானத்தை ஒட்டியே எழுந்து மறையும். ஆகவே லோவெல் ஒரு குழுவைத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்கு அனுப்பினார். அங்கே செவ்வாய் தலைக்கு மேல் நின்றது. ஸ்லிஃபர் என்னும் இளைஞர் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக் குவித்தார். கால்வாய் வழக்கு அதனாலும் தீரவில்லை. 1909இல் பாரிசுக்கு அருகே மெயூடனில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், காற்று அசைவற்ற அருமையான இரவுகளில் பார்த்த அந்தோனியாடி, கோடுகள் என்றவை சிதறிய புள்ளிகளும் திட்டுகளுமே என்று வரைந்து காட்டினார். 1965ஆம் ஆண்டு ஜூலையில் மாரினர் 4 என்னும் விண்கலம் அருகே பறந்து படம் அனுப்பியபோது கால்வாய் ஒன்றும் இல்லை. எரிகல் விழுந்த குழிகள் இருந்தன.

ஆயினும் ஸ்லிஃபர் தென்னாட்டுக்குப் போனதில் ஒரு பாடம் உண்டு. நாம் இலஞ்சிக்காரர்கள் அதைக் கவனிக்க வேண்டும். கோள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாதையில், இராசி வட்டத்தை ஒட்டித்தான் செல்கின்றன. வியாழன் அப்பாதையின் தென்கோடியில் நிற்கும் ஆண்டில், இலண்டனில் அது அடிவானத்திலிருந்து 15, 16 பாகை உயரமே எழும். அங்கிருந்து பார்ப்பவர், நேர் உச்சியில் பார்ப்பதைப் போல மூன்றரை மடங்குக் காற்றை ஊடுருவிப் பார்க்க வேண்டும். நம் ஊரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 பாகையில் உள்ளது. அதே வியாழன் நம் முற்றத்தில் 58 பாகை உயரத்துக்கு ஏறும். மற்ற ஆண்டுகளில் உச்சிக்கே வந்துவிடும். பெரும் பணம் செலவிட்டுச் சிலிக்குப் போய்ப் பெற்ற வசதி, நமக்குத் திண்ணையை விட்டு இறங்கினால் கிடைக்கிறது.

நம் நிலப்பகுதி போன்ற ஒன்றிலிருந்துதான் வீட்டுத் தொலைநோக்கியின் மிகப் பெரிய வெற்றியும் வந்தது. அதற்குமுன் இங்கிலாந்தில் காமன் என்பவர், தொழிலால் சுகாதாரப் பொறியாளர், இலண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி அமைத்து 1883இல் ஒரையன் நெபுலாவை அருமையாகப் படம் எடுத்துப் பதக்கம் பெற்றார். ஆனால் அவர் பொருள் வசதி படைத்தவர். 36 அங்குலம் எல்லார்க்கும் ஆகாது. நான் சொல்ல வந்தவர் சார்லஸ் போயே என்னும் பிரெஞ்சு நீதிபதி. ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றங்கரையில் பிரசாவில் நகரில் பணியாற்றியவர். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 4 பாகையில் உள்ளது அவ்வூர்.

வெள்ளியின் முகம் வெறும் வெண்மை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அடர்ந்த மேகமன்றி ஒன்றும் தெரியாது. 1927இல் அமெரிக்காவில் ராஸ் என்பவர், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியில் படம் எடுத்து, அம்மேகத்தில் கரிய திட்டுகள் இருப்பதைக் காட்டியிருந்தார். போயே 1957இல், சுமார் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள தம் தொலைநோக்கியில் ஊதா வடிகண்ணாடி இட்டு, வெள்ளியை நாள்தோறும் படம் எடுத்தார். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் ஆகையால் அந்திப் பொழுதில் வெள்ளி நல்ல உயரத்தில் நின்றது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஒரு கரிய திட்டு நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புவதைக் கண்டார். பிரான்சின் பிக் தூ மிதி மலை வானாய்வகத்தில் இருந்த தம் நண்பர் காமிஷெலோடு சேர்ந்து அதனை வெளியிட்டார்.

உலகம் உடனே ஏற்கவில்லை. 1960களில் ரேடார் அலைகள், வெள்ளியின் திடமான உடல் ஒருமுறை சுழல 243 நாள் ஆகிறது என்று காட்டின. உடல் 243 நாளில் சுழல, அதன்மேல் மேகம் நான்கு நாளில் சுழல்வதா? அறுபது மடங்கு வேகமா? தொழில்முறை அறிஞர் பலர் ஐயுற்றனர். 1974ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாரினர் 10 விண்கலம் வெள்ளியைக் கடந்தபோது எடுத்த புறஊதாப் படங்களில் மேகங்கள் நான்கு நாள் கணக்கில் ஓடுவது ஐயமறத் தெரிந்தது. நீதிபதியின் தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நின்றது என்று சொல்லலாம். தனித்தனியே பார்த்தால் அவருடைய படங்கள் அழகானவை அல்ல. மங்கலானவை, சிறியவை. நாள் தவறாமல் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வைத்ததால் அவை பேசின.

வங்காளத்தில் ஜெசூர் ஊரில் இராதாகோவிந்த சந்திரர் என்னும் கருவூல எழுத்தர் ஒருவர், வீட்டு முற்றத்திலிருந்து ஒளி மாறும் விண்மீன்களை இதே போல ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தார். அவர் உழைப்பைக் கண்டு அமெரிக்கச் சங்கம் ஒன்று 1926இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பி வைத்தது. அக்கருவி பிற்காலத்தில் வைணு பாப்புவின் கைக்கு வந்து, நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தைச் சேர்ந்தது. அதே காவலூரில் 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைப் புகைப்படத் தகட்டில் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. சென்னையில் போக்சன் 1861இல் ஏசியா என்னும் சிறுகோளைக் கண்டது தகட்டால் அன்று. விண்மீன் படத்தோடு வானத்தை ஒத்துப் பார்த்துக் கண்ணால் கண்டது. இரண்டுக்கும் இடையே 127 ஆண்டுகள்.

சிறுகோளைப் புள்ளியாகப் பிடித்தால் போதும். பெருங்கோளின் முகத்தைப் பிடிப்பதில் மட்டும் தகடு கடைசி வரை கண்ணிடம் தோற்றே வந்தது. அவ்வழக்கை முடித்தது 1990களின் இறுதியில் வந்த ஒரு மலிவான பொருள். கணிப்பொறியின் மேல் வைத்து முகம் பார்த்துப் பேசுவதற்கென்று செய்த சிறு கேமரா. தொலைநோக்கியில் அதைப் பொருத்தினால் விநாடிக்குப் பல படங்களாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆயிரக்கணக்கான படங்கள். அவற்றுள் பெரும்பாலானவை காற்றால் சிதைந்தவை. கணிப்பொறி ஒவ்வொன்றின் கூர்மையையும் அளந்து வரிசைப்படுத்தும். நல்ல நொடியில் விழுந்த சில நூறு படங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்திக் கூட்டிவிடும். கூட்டக் கூட்டத் தனிப்படத்திலுள்ள புள்ளிக் கலக்கம் குறையும். கோளின் உண்மை முகம் தெளியும். கண் செய்துவந்த தெரிவை இப்போது கருவி செய்கிறது. ஜான்சென்னின் சுழல் தகட்டை நினைத்துப் பாருங்கள். அவர் தேடிய நொடி வேறு, இவர்கள் தேடும் நொடி வேறு. நிறைய எடு, பிறகு பொறுக்கு என்னும் முறை ஒன்றே.

ஒரு கட்டுப்பாடு உண்டு. வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அதன் திட்டுகளே நகர்ந்து மங்கிவிடும். செவ்வாய் நம் பூமியைப் போலச் சற்றேறக்குறைய ஒருநாளில் சுழல்வது, அவசரம் குறைவு.

இக்கருவி வந்த பின் முற்றத்துக்காரர் செய்த பணிக்கு இரண்டு சான்று போதும். பிலிப்பைன்சில் சிபு நகரத்து வணிகர் கிறிஸ்டபர் கோ, 2006 பிப்ரவரியில், வியாழனின் வெண்மையான ஒரு புயல் வட்டம் சிவப்பாக மாறியிருப்பதை முதலில் கண்டு உலகுக்கு அறிவித்தார். சிபு நகரம் வடக்கே 10 பாகையில் உள்ளது. ஏறக்குறைய நம் இலஞ்சிதான்! 2009ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வெஸ்லி, தம் வீட்டு முற்றத்துத் தொலைநோக்கியில் வியாழனின் தென்முனை அருகே புதிய கரும்புள்ளி ஒன்றைக் கண்டார். ஏதோ ஒரு வான்பொருள் மோதிய தழும்பு அது. அவர் சொன்ன பிறகே பெரிய தொலைநோக்கிகள் அத்திசையில் திரும்பின. பெரிய கருவிகளுக்கு வேலை மிகுதி. ஒரே கோளை இரவு தோறும் பார்த்துக்கொண்டிருக்க அவற்றுக்கு நேரமில்லை.

இனி என் முற்றத்துக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே வந்த நாள் 8ஆம் தேதி. பத்தொன்பது ஆண்டுக்கு முன் படம் எடுத்த அந்த மாணவர், இப்போது வெளியூரில் பொறியாளர், விடுமுறைக்கு ஊர் வந்தவர் என்னைத் தேடி வந்தார். கையில் 8 அங்குலத் தொலைநோக்கி, மடிக்கணினி, தீப்பெட்டியளவு கேமரா. முதல்நாள் என் வீட்டு மொட்டைமாடியில் வைத்தோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. செவ்வாய் கொதிக்கும் உலைபோல் தளதளத்தது. மறுநாள் கொல்லையில், புல்தரையில், வயல் பக்கமாக வைத்தோம். தொலைநோக்கியின் கண்ணாடி இரவுக் காற்றின் குளிர்ச்சிக்கு வரட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நள்ளிரவுக்குச் சற்று முன் செவ்வாய் வடபக்கமாக உச்சியை நெருங்கியிருந்தது.

மடிக்கணினித் திரையில் ஓடிய படத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறத் திட்டு. ஓரமெல்லாம் பிய்த்த பஞ்சு. 2003இல் உறையிலிருந்து எடுத்துக் காட்டினானே, அதே படம். கேமராவை எவரும் தொடவில்லை. தொலைநோக்கி தானே சுழன்று கோளைத் தொடர்ந்துகொண்டிருந்தது.

"அன்று உன் கை நடுங்கவில்லை, தம்பி," என்றேன்.

"தெரியும், ஐயா," என்றார் அவர். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்று நிமிடத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். பத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினோம். கூட்டி முடித்தபோது, ஒரு கோடியில் வெண்மையும், நடுவே கருந்திட்டும், விளிம்பில் மெல்லிய நீல மங்கலும் தெரிந்தன. 2003இல் செவ்வாயின் அகலம் 25 விகலை; அன்று 17 விகலைதான். சிறுத்த கோள் தெளிவாகவும், பெருத்த கோள் சிதைந்தும் விழுந்த இரண்டு படங்களும் இப்போது என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. பழைய படத்தின் பின்புறம் தேதியையும் நேரத்தையும் பென்சிலால் அன்றே எழுதி வைத்திருந்தான் அந்தப் பையன்.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்குச் சில சொல்கிறேன். 4 அங்குலமோ 6 அங்குலமோ, எது கிடைக்கிறதோ அதுவே போதும்; கைப்பேசியின் கேமராவையும் கண்ணருகு வில்லையில் பொருத்தி ஒளிப்பதிவு எடுக்கலாம். ஓட்டுக்கூரைக்கு மேலாகக் கோளைப் பார்க்க வேண்டாம். கூரையின் சூடு படத்தைக் கெடுக்கும். நம் பக்கத்தில் ஆனி முதல் ஆவணி வரை மலையும் மேகமும் இடம் கொடா. தையும் மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். மேற்கே மலை உயர்ந்து நிற்பதால் அப்பக்கம் சாயும் கோளை விட்டுவிட்டு, கிழக்கே எழுந்து உச்சிக்கு வரும் கோளைப் பிடியுங்கள். சூரியன் பக்கம் மட்டும் தொலைநோக்கியைத் தகுந்த வடிகண்ணாடி இன்றித் திருப்பவே கூடாது. கண் போனால் போனதுதான்.

செவ்வாய் மீண்டும் நன்கு நெருங்கி வருவது 2035ஆம் ஆண்டு செப்டம்பரில். ஏறத்தாழ 2003இல் இருந்த அளவுக்கே பெரிதாகத் தெரியும். நம் ஊரில் நள்ளிரவில் 70 பாகைக்கு மேல் உயரத்தில் நிற்கும். செப்டம்பர் நடு என்பது ஆவணிக் கடைசி. அவ்வாண்டு சாரல் சற்று முன்னதாக ஓய வேண்டும்.